அண்டாக் கரியும் அண்டவெளிக் கரியும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் ஓவராகவே அளந்துவிட்டேன்.

நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் கரித்தூசி இருக்கிறதே... அதன் மேல் புற ஊதா ஒளி பட்டால், அகச்சிவப்பாகவும் கொஞ்சம் சிவப்பாகவும் திருப்பிக் கொடுத்துவிடும். ‘சங்கரன்கோவிலுக்கு வாருங்கள், செய்தே காட்டுகிறேன்’ என்று எழுதினேன். யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

வந்துவிட்டார். செண்பகம் அக்கா. சிவகிரியில் டைப்பிஸ்ட். ஆபீஸுக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, என் பத்தியைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு!

கரிக்கு எங்கே போவது? எதிர்த்தாற்போல் முருகையா அண்ணாச்சியின் பிரியாணிக் கடை. விறகடுப்பு. அண்டாவின் அடிப்பக்கத்தை அவர் தேய்த்ததே இல்லை — தேய்த்தால் ருசி போய்விடுமாம்.

“சுரண்டாதவே. கரி போனா யாவாரம் போயிரும்.”

“ஒரு ஸ்பூன் போதும் அண்ணாச்சி. சயின்ஸ்.”

முனகிக்கொண்டே ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கினேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கரி அடியில் படிந்தது. மேலே லேசாகப் பச்சை தட்டியது... கண்ணாடியின் நிறம் என்று விட்டுவிட்டேன். அரிசி மூட்டை அறைக்குள் மூவரும் நுழைந்து, கதவைச் சாத்தி, புற ஊதா டார்ச்சை அடித்தால் —

சிவப்பு. ரத்தச் சிவப்பு.

“ஆபீஸ்ல ஒருத்தரும் நம்பமாட்டாவ தம்பி. போட்டோ எடுத்துக்கிடுதேன்” என்றார் அக்கா. நான் தரையிலேயே இல்லை.

அண்ணாச்சி பாட்டிலை முகர்ந்தார்.

“ஏலே, இது காலையில புதினா அரைச்சு வச்ச பாட்டிலுல்லா. கழுவாமக் குடுத்துட்டேன்.”

“புதினாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் அக்கா.

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். போட்டோவோடு அவர் பஸ் ஏறியிருப்பார். என் மானமும் தப்பியிருக்கும். ஆனால், லீவு போட்டு வந்தவரிடம் எப்படி...? சொல்லிவிட்டேன். இலைப்பச்சை ஸ்பிரிட்டில் கரைந்தால், அந்த டார்ச்சுக்குச் சிவப்பாகத்தான் ஒளிரும். கரி ஒளிரவே இல்லை. விண்வெளித் தூசி அத்தனை நுணுக்கம். அண்டாக் கரி அதன் முன்னால் பாறாங்கல்.

அக்கா போட்டோவை அழித்தார். கொஞ்சம் யோசித்தார்.

“சரி, வானத்துல செவப்பா ஒளிருதது மட்டும் கரிதான்னு எப்படிச் சொல்லுதாவ?”

“கரியாத்தான் இருக்கும்ங்காவ. எந்த மாதிரிக் கரின்னு இன்னும் தகராறு ஓடுது அக்கா.”

“அவியளும் பாட்டிலக் கழுவுனாவளான்னு கேட்டுப் பாருங்க.”

பிராயச்சித்தமாகப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு புதினா இலையையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டார்.