ஐம்பத்து மூன்று மணியும் மிச்சம் எட்டும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதுவும் நான் எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மூக்கு நுனியில் வந்து நின்றுகொள்ளும். ஓசூரில் நான் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை.

போச்சம்பள்ளியில், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் வளையங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என் நாத்தனார் சூப்பர்வைசர். அவளுடைய லைனில் இருந்த பெரிய பிரஸ்ஸை ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. ரப்பரை அச்சில் வைத்து மூடினால் பதினெட்டு நிமிஷம் வேகவைத்துத் தானாகத் திறக்கும். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் மண்டையைப் போட்டுவிட்டது. அதற்கு உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. சனிக்கிழமைக்குள் சரியானால் சரி, இல்லாவிட்டால் புது மெஷின் வரும்வரை லைனை மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூடினால் அதில் வேலை செய்யும் பதினான்கு காண்ட்ராக்ட் பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். திரும்பக் கூப்பிடுவார்களா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

"அண்ணி, நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்," என்றாள் நாத்தனார், போனில் அழாத குறையாக.

பண்ணினேன். புதுக் கம்ப்யூட்டருக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மெய்நிகர் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கி, பழைய புரோகிராமை அதற்குள் குடிவைத்தேன். வீடு மாறியதே அதற்குத் தெரியாது. கூடவே, யாரும் கேட்காமலே, சூட்டையும் அழுத்தத்தையும் கலர் கலராகக் காட்டும் வரைபடம் ஒன்றையும் திரையில் ஓடவிட்டேன். மேனேஜர் அசந்துபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், சீல்களை லேசாக வளைத்தாலே வெடிக்கின்றன. கருகல் வாடை வேறு. ரப்பர் அதிகமாக வெந்திருக்கிறது என்றாள். நேரத்தில் தப்பே இல்லை என்று நான் நாலு பக்க ரிப்போர்ட்டை நீட்டினேன். திரையும் டாணென்று பதினெட்டு நிமிஷம் காட்டியது.

"நேரம் கூடுதலா எடுக்குது மேடம்," என்றது ஒரு குரல்.

பிரஸ்ஸுக்குப் பக்கத்து மேசையில் சீல்களின் பிசிறை வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். லைனில் எல்லோருக்கும் அவர் அக்கா.

"கம்ப்யூட்டரை விடவா உங்களுக்குத் தெரியும்?" என்றேன். கேட்ட விதம் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐம்பத்து மூணு மணி ஜெபம் முடிஞ்சா பிரஸ் தொறக்கும். இப்ப முடிஞ்சும் தொறக்க மாட்டேங்குதுங்க."

விஷயம் இதுதான். பிரஸ்ஸில் ஒரு தட்டு வேகும்போது அதற்கு முந்தைய தட்டின் வளையங்களை அக்கா பிசிறு வெட்டுவார். உதடு அசையும். தட்டுக்கு ஐம்பத்து மூன்று வளையம்; வளையத்துக்கு ஒன்றாக, ஜெபமாலையின் மணிக்கு மணி மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம். பதினோரு வருஷமாக ஜெபமாலையும் தட்டும் சேர்ந்து முடியும், பிரஸ் திறக்கும். இப்போது ஜெபமாலை முடிந்தபிறகும் பழைய மிச்சக் குவியலிலிருந்து இன்னும் எட்டு வளையம் வெட்டவேண்டியிருக்கிறதாம். அந்த எட்டையும் தனியாக எடுத்து வைத்திருந்தார், சாட்சிக்கு.

"உங்க கையில வாட்ச் இருக்கே, பாருங்களேன்," என்றார்.

பார்த்தேன். இருபது நிமிஷத்தையும் தாண்டித்தான் பிரஸ் திறந்தது. பதினான்கு பேர் முன்னால் என் மூக்கு உடைந்தது.

அப்புறம்தான் என் லட்சணம் எனக்கே புரிந்தது. மெய்நிகர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சோதிக்க நான் எழுதிய புரோகிராமும் அதே மெய்நிகர் கம்ப்யூட்டருக்குள்தான் ஓடியது. உள்ளே இருக்கும் கடிகாரம் சரியா என்று உள்ளே இருக்கும் கடிகாரத்திடமே கேட்டிருக்கிறேன்! திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டு பத்திரமா என்று அவனையே விசாரித்த கதை.

நேரம் எங்கே போனது? பழைய கம்ப்யூட்டரில் ஒரு டைமர் இருக்கும். அது விநாடிக்குப் பலமுறை "டிக்" என்று தட்டும். தட்டலை வாங்கிப் புரோகிராமிடம் சேர்ப்பது இன்டரப்ட் கன்ட்ரோலர். அந்தக் கன்ட்ரோலரையும் நான்தான் போலியாகச் செய்திருந்தேன். வீட்டு காலிங்பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது வெளியே மூன்று முறை அடித்தாலும் கதவை ஒரு தரம்தான் திறப்பீர்கள். என் கன்ட்ரோலரும் அப்படித்தான். முதல் தட்டலைப் புரோகிராம் வாங்கிக்கொள்வதற்குள் அடுத்த இரண்டு வந்துவிட்டால், மூன்றும் ஒன்றாகிவிடும். இரண்டு தட்டல் காற்றோடு போச்சு. புரோகிராமின் கடிகாரம் பின்தங்கும், ரப்பர் கூடுதலாக வேகும். சரி, அடுப்படியில் அவ்வளவு நேரம் பிடித்துவைத்தது யார்? கம்ப்யூட்டரைத் தன் வேலையிலேயே கட்டிப்போட்ட என் கலர் வரைபடம். யாரும் கேட்காமல் நான் போட்ட அதே வரைபடம்!

வெள்ளிக்கிழமை தொலைந்த தட்டல்களை எண்ணிவைத்துப் பிறகு கொடுக்கும்படி மாற்றினேன். அவசரத்தில், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த சில தட்டல்களையும் தொலைந்தவை என்று எண்ணிவிட்டேன். இப்போது கடிகாரம் முந்திக்கொண்டு, பதினைந்து நிமிஷத்திலேயே பிரஸ் வாயைப் பிளந்தது. ரப்பர் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "அய்யய்யோ, பச்சிகா உந்தி!" என்று வேப்பனப்பள்ளிப் பெண் ஒருத்தி தெலுங்கில் கத்தினாள். பச்சையாகவே இருக்கிறதாம்.

அக்கா வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் பத்து மணி பாக்கி இருக்கு கண்ணு. மாதாவே இவ்ளோ அவசரப்பட மாட்டாங்க."

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தப்பைப் பார்த்து நான் சிரித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அன்று டீ நேரத்தில் எல்லோருமாக மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் தின்றேன்.

சனிக்கிழமை காலை தப்பைத் திருத்தி வந்தேன். புரோகிராம் "இதை வாங்கிக்கொண்டேன்" என்று சொன்ன பிறகுதான் விட்டுப்போன அடுத்த தட்டல் போகும். சேராதது மட்டுமே பாக்கியில் நிற்கும். வரைபடத்தையும் வேண்டுமென்றே ஓடவிட்டேன். மேனேஜர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றார். பெண்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் உதட்டையே பார்த்தார்கள். ஐம்பதாவது வளையம். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. கடைசி வளையத்தை அவர் கீழே வைக்கவும், புஸ்ஸென்று பிரஸ் திறக்கவும் சரியாக இருந்தது.

"எய்ட்டீன் மினிட்ஸ், கரெக்ட்," என்றார் மேனேஜர். "மண்டே ஃபுல் லைன் ஓட்டலாம்."

எழுந்த கூச்சலில் வெளியே நின்ற கம்பெனி பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். நாத்தனார் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு என் புடவையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'சோதித்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அக்காவிடம் கொடுத்தேன்.

"காண்ட்ராக்ட் ஆளுங்க இதுல கையெழுத்து போடக் கூடாதுங்க மேடம்," என்றார் மேனேஜர்.

"அப்ப நானும் போடலைங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பட்டப்பெயர் போச்சம்பள்ளிவரை வந்திருக்கவேண்டும். "சரி, போடச் சொல்லுங்க," என்றார்.

அக்கா கையை யூனிஃபார்ம் கோட்டில் துடைத்துக்கொண்டார். "இதுல என்ன கண்ணு எழுதியிருக்கு?"

"பதினெட்டு நிமிஷம்னா பதினெட்டு நிமிஷம்தான்னு எழுதியிருக்குக்கா."

"அட, இதுக்கா நாலு பக்கம்!"

குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். "பதினோரு வருஷமா இங்க வருகைக்கு விரல்தான் வச்சிருக்கேன்," என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"திங்கக்கெழம எங்கள வரச் சொல்லிட்டாங்க இல்ல கண்ணு?"

"வரச் சொல்லிட்டாங்கக்கா."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான்க்கா."