அப்பா இறந்த வருடம் ஏறிய மலை

பனி கொட்டும் இந்த மாண்ட்ரியாலில் பிப்ரவரி மாதம் யாராவது கறுத்துப்போய் வேலைக்கு வந்தால் மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். வெயில் தீவுக்குப் போய்வந்தவன் என்று அர்த்தம். புவாண்ட்-கிளேரில் நான் பெட்டி அடுக்கும் கிடங்கில் ழீல் என்று ஒரு வெள்ளைக்காரன். தீவிலிருந்து வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி, என் கை பக்கத்தில் வைத்து நிறம் ஒப்பிட்டுப் பார்ப்பான். அவன் வாங்கிவந்த நிறம் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். என்னுடையது அப்பா கொடுத்தது. தேய்த்தாலும் போகாது.

அந்த அப்பா தீபாவளிக்கு முன்னால் இறந்துபோனார். தந்தி என் கைக்கு வரும்போது ஊரில் பால் தெளித்தே முடித்துவிட்டார்கள். ஒரே மகன் இங்கே இருக்க, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு மந்திரம் தெரியாது, சாஸ்திரம் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: அப்பா போனால் மகன் ஒரு வருடம் மலை ஏறக்கூடாது. பழனி கூடாது, திருப்பதி கூடாது. கொள்ளி வைக்காதவனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இதையாவது அவருக்கு ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அக்கா புருஷன் இன்ஜினீயர். இங்கேயே கர்க்லாண்டில் சொந்த வீடு. மாமனார் செத்ததற்கு ஊருக்குப் போக அவருக்கு லீவு கிடைக்கவில்லை. துக்கத்தை மறக்க குவாதலூப் தீவுக்குப் போக மட்டும் கிடைத்தது. என்னையும் கூட்டிப்போனார். கடலில் ஊறிச் சலித்த பிறகு, எரிமலை பார்க்க ஒரு வேன் பிடித்தார். வேன் வளைந்து வளைந்து ஏறியது. காது அடைத்தது. சாலை முடிந்து இறங்கியபோதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது.

"டேய், நீ ஏறக்கூடாதுடா! வருஷம் முடியலையே."

"உனக்கு?"

"நான் கட்டிக்குடுத்தவ. எனக்கு மூணு நாளோட சரி."

அத்தான் சிரித்தார். "இது சாமி மலை இல்லப்பா, எரிமலை. நம்ம மாண்ட்ரியால் மலைகூட ஒருகாலத்துல எரிமலைன்னுதான் சொல்றாங்க. அது மேலதானே ரூம் எடுத்திருக்க?"

"நீங்க சும்மா இருங்க. அவன் பையப் பாத்துக்கட்டும்," என்றாள் அக்கா.

பாதி மலையை வேனில் ஏறிவிட்டு மீதிக்கு விரதம். ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். அங்கே மலை எங்கே தொடங்குகிறது என்று காட்ட அடிவாரத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். இங்கே வேன்தான் நின்றது.

வேன் ஓட்டிவந்தவருக்கு அப்பா வயது இருக்கும். நான் மட்டும் பைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "மலாத்?" என்றார். உடம்பு சரியில்லையா என்கிறார். கிடங்கில் பொறுக்கிய பிரெஞ்சில், "பாப்பா மோர்" என்றேன். அப்பா செத்துவிட்டார். பிறகு மலையைக் காட்டி, கூடாது என்று கையை ஆட்டினேன்.

அவர் மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

என் அப்பா இந்த மலையில் விழுந்து செத்தார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்! "நோன், நோன்", இல்லை இல்லை என்று பதறினேன். பதறப் பதற அவருக்கு இரக்கம் கூடியது. பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்ச் சொன்னார். அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, கூடையில் செருகியிருந்த செம்பருத்தியை எடுத்து என் கையில் வைத்தாள். அவர் பைகளை வேனுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு என் கையைப் பிடித்தார். அப்பா செத்ததிலிருந்து அவருக்காக என் கையைப் பிடித்தவர் வேறு யாரும் இல்லை. உதற முடியவில்லை. ஏறினேன்.

மேலே மூடுபனி. அழுகிய முட்டை நாற்றம். பாறை வெடிப்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பூவை அங்கே வைக்கச் சொன்னார். வைத்தேன். "பாப்பா" என்றார், புகையைப் பார்த்து. ஊரில் எரிந்ததை நான் பார்க்கவில்லை. இந்தப் புகையைத்தான் பார்த்தேன். வாய்விட்டு அழுதேன்.

"அடப்பாவி, ஏறிட்டியா! பை எங்கடா?"

அக்கா. பின்னால் அத்தான், கண்ணில் கேமராவோடு. டிரைவர் திரும்பி, சாவு வீட்டில் விசிலடித்தவரை முறைப்பதுபோல முறைத்தார். அத்தான் கேமராவை இறக்கினார். அப்பாவுக்காக அத்தான் செய்த ஒரே காரியம் அதுதான்.

திரும்பி வந்து வேலைக்குப் போனேன். ழீல் என் கையைப் பிடித்துப் பார்த்து, கூடுதலாகக் கறுத்திருக்கிறேனா என்று தேடினான். தெரியவில்லையாம். சாயங்காலம் பஸ் மலைச்சரிவில் முக்கி முக்கி ஏறும்போது அத்தான் சொன்னது உறைத்தது. எரிமலையோ இல்லையோ, மலை மலைதானே. தந்தி வந்த அன்றும் இதில் ஏறித்தான் ரூமுக்குப் போனேன். அதன் பிறகும் தினமும் ஏறியிருக்கிறேன்.

ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப் பனியில் நின்றேன். மேலே போனால் அப்பாவுக்கு ஆகாது. கீழே எனக்கு வீடு இல்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். காது இரண்டும் எரிந்தன.