தளவானூர் மாமாவிடம் நான் பறித்த ஓ.டி.பி

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருந்த ஆன்லைன் சேவைக் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். சாதிச் சான்றிதழ், பட்டா, பான் கார்டு, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்ததற்குக் கைமேல் பலனாக, வெப்சைட் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தை நாள் முழுக்கப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்தச் சலிப்பில்தான் சைபர் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றுக்குப் படிக்கத் தொடங்கினேன். கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் யாராவது திருட்டுத்தனமாக நுழைகிறார்களா என்று திரை முன்னால் உட்கார்ந்து கவனிக்கும் ஆரம்பநிலை வேலைக்கான பரீட்சை அது.

"சைபர்னா போலீஸா?" என்று நைனா கேட்டார்.

"இல்ல நைனா. கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கறது."

"வாட்ச்மேன் வேலைக்கா பரீட்சை வைக்கிறாங்க?"

அதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் படித்த தடிமனான புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அம்மா மட்டும் விடாமல், நான் போலீசுக்குப் படிக்கிறேன் என்றே சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தாள். அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, காபி குடித்து முடிக்கும்வரை சட்டைப் பையிலிருந்து போனை வெளியே எடுக்கவில்லை.

பாடத்தின் முதல் வாரமே கடவுச்சொல்லைப் பற்றியது. யாரிடமும் சொல்லக்கூடாது, எங்கேயும் எழுதிவைக்கக்கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்த என் முழங்கைக்கு அடியில்தான் கடையின் நீல அட்டை நோட்டு கிடந்தது. விண்ணப்பம் போட வந்தவர்களின் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு மூன்றும் அதில் பதிந்திருந்தன. பாஸ்வேர்டு போடத் தெரியாதவர்களுக்கு நாங்களே போட்டுக்கொடுப்போம். அவர்கள் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. ஆயுத பூஜைக்கு அந்த நோட்டுக்கும் பொட்டு வைப்பது வழக்கம்.

கடைக்காரரிடம் பேச்செடுத்தேன். "அண்ணா, இந்த நோட்டு ரொம்ப ஆபத்து."

"பத்து வருஷமா இருக்குது. ஒரு தப்பு நடந்துச்சாம்மா?"

"நடந்தாத்தான் தெரியுமா?"

"நடக்கறப்ப பாத்துக்கலாம். மொதல்ல அந்தம்மாவுக்கு வருமானச் சான்று போடு."

படித்ததை வீணாக்கக் கூடாது என்று, கடையில் உள்ள பாதுகாப்புக் குறைகளை இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து அவர் மேஜையில் வைத்தேன். மறுநாள் பிரிண்டருக்கு மை மாற்றியபோது, சோதனைப் பிரதி எடுக்க அதன் பின்பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். நிர்வாகம் அறிக்கையைக் கையில் எடுத்தது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்லூரிக் கலந்தாய்வு நடந்த மாதம் அது. தளவானூரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு. சென்னைக் கல்லூரிகளை மேலே போட்டு, எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்ற பட்டியலை இரண்டு வாரம் முன்னால் எங்கள் கடையில்தான் பதிந்திருந்தாள். பட்டியலை உறுதி செய்ய அன்று மாலை ஐந்து மணி கடைசி. அதற்குமுன் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். வாசித்தவள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அக்கா, இது என்னுது இல்ல."

அவள் பெயர்தான் இருந்தது. ஆனால் சென்னைக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய ஒரே ஒரு கல்லூரி மட்டும் தனியாக இருந்தது.

"யாராச்சும் மாத்திட்டாங்களா? பாஸ்வேர்டு உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்?"

ஊடுருவல் நடந்தால் பதறாதே, முதலில் கண்டறி என்கிறது புத்தகம். நான் பதறாமல் கண்டறிந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு நாள் முன்னால் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், "நான் தளவானூர் பாப்பாவோட மாமா. அது அப்ளிகேஷன் பாஸ்வேர்டு இன்னா, மறந்துடுச்சாம், கேட்டுட்டு வரச் சொல்லுச்சு" என்றார். நோட்டைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். ஃபேன் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறையும் வாசித்தேன். அப்புறமும் மறந்துவிடப் போகிறாரே என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தேன். ஏமாற்றிப் பேசி ரகசியத்தைக் கறக்கும் தந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தை நான் முடித்தது அதற்கு முந்தைய நாள். பயிற்சித் தேர்வில் முழு மதிப்பெண்.

அவளிடம் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம், வெப்சைட் கோளாறு என்றால் செஞ்சியில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவள் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. "மெட்ராசுக்கு அனுப்ப வேணாம்னு மாமா அம்மாகிட்ட சண்டை போட்டுச்சு. அம்மா ஒத்துக்கல. அதான் இப்டி" என்றாள்.

திருப்பி மாற்றலாம் என்று உள்ளே போனோம். ஓ.டி.பி கேட்டது. அது யாருடைய போனுக்குப் போகும் என்று பார்த்தால், மாமாவின் நம்பர். விண்ணப்பம் போட்ட நாளில் அவள் வீட்டில் போன் ரிப்பேர், அதனால் அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். தட்டச்சு செய்த கை என்னுடையது. வேறு எந்தக் கதவையாவது திறந்துவைக்க மறந்துவிட்டேனா என்று யோசித்தேன். ஒன்றும் மிச்சமில்லை.

மணி நாலேகால். உதவி எண்ணுக்குப் போட்டால் இசை மட்டும் கேட்டது. "அம்மாவுக்குச் சொல்லட்டா?" என்றேன்.

"அம்மா நடவுக்குப் போயிருக்குது. போனை வீட்லயே வெச்சிட்டுப் போயிருக்கும். நீங்களே கேளுங்கக்கா. என் அப்ளிகேஷன்தானே."

கடை போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன். குரலை நானே அதுவரை கேட்டிராத அளவுக்கு இனிப்பாக்கிக்கொண்டேன்.

"அண்ணா, செஞ்சி கம்ப்யூட்டர் கடையிலருந்து பேசறேன். பாப்பா அப்ளிகேஷன்ல ஒரு வெரிபிகேஷன் வந்திருக்குது. அஞ்சு மணிக்குள்ள முடிக்கலன்னா கேன்சல் ஆயிடும். உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

"கேன்சல் ஆயிடுமா? இரு இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்."

அவசரப்படுத்து, பயமுறுத்து, உதவுவதுபோல் பேசு. மூன்றையும் ஒரே மூச்சில் செய்திருந்தேன். ஆறு எண்களையும் நிதானமாக, இரண்டு தடவை வாசித்தார். நான் அவருக்கு வாசித்துக் காட்டிய அதே பொறுப்போடு. "போதுமாம்மா? வேற எதுனா வேணுமா?" என்றும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பட்டியலைப் பழையபடி போட்டோம். போன் நம்பரை அவள் அம்மாவின் நம்பருக்கு மாற்றினோம். புதிய பாஸ்வேர்டு அடிக்கும்போது அவள் துப்பட்டாவால் விசைப்பலகையை மூடிக்கொண்டு, "அக்கா, அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். மாதக்கணக்கில் நான் படித்ததை அவள் இருபது நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நடந்ததைக் கேட்ட கடைக்காரர் மறுநாள் நோட்டு வைக்கும் இழுப்பறைக்குப் பூட்டு வாங்கிவந்தார். சாவியை இழுப்பறைக்கு நேர் மேலே ஆணியில் மாட்டினார்.

ஒதுக்கீட்டு ஆணை வந்தபோது பிரிண்ட் எடுக்க மாமாவே அவளைக் கூட்டிவந்தார். நான் நாற்காலிக்குள் ஒடுங்கினேன்.

"மெட்ராஸ்தான் விழுந்துடுச்சு. எப்டின்னு புரியல. கம்ப்யூட்டர்ல ஏதோ குளறுபடி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, கெவுர்மென்டே குடுத்துட்டான். நாம இன்னா பண்றது? நாலு காப்பி எடும்மா" என்றார். அவள் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பிரிண்டர் சத்தம் போட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த மாதம் புதுச்சேரிக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். போனில் பேசி ரகசிய எண்ணைப் பெறும் குற்றத்தின் பெயர் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. விடை தெரிந்தும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேறிவிட்டேன். சான்றிதழ் ஈமெயிலில் வந்தது. "கையில குடுக்க மாட்டாங்களா?" என்று நைனா குறைப்பட்டுக்கொண்டார். கலரில் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். ஆரம்பநிலை வேலைக்கு இரண்டு வருட அனுபவம் கேட்ட கம்பெனிகள் வரிசையாக என்னை நிராகரித்துக்கொண்டிருந்த நாட்களில், அவர் அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு ரேஷன் கடை வரிசைக்குக்கூட எடுத்துப் போனார். அங்கே என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போது, லாக் ஆன போன்களோடு மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள்.