அரைப்படியம்மாவின் சமையல் மேடை

ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு அங்கே வைத்த பெயர் அரைப்படி. உயரம் நாலரை அடிதான். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லாரும் அரைப்படியம்மா என்றே கூப்பிட்டார்களாம். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. முழுப்படியாக இருந்திருந்தால் தன்னை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டுச் சிரிப்பார்.

சமையல் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஆயுசு முழுக்க எதன் மேலாவது ஏறி நின்றுதான் சமைத்திருக்கிறார். பிறந்த வீட்டில் இரண்டு செங்கல். புகுந்த வீட்டில் கவிழ்த்துப் போட்ட வாளி. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார். பையன் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவனை வளர்க்க ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். அங்கே அண்டா எட்டும்படி ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார்கள். அடுப்புக்கு அடுப்பு அதைக் காலால் தள்ளிக்கொண்டே போவாராம். நோயாளிக்கு உப்பில்லாச் சோறு என்றால் மற்றவர்கள் கடனே என்று வடித்துவிடுவார்கள். இவர் எலுமிச்சை பிழிந்து, மல்லித்தழை கிள்ளிப்போட்டு, அதையும் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட வைத்துவிடுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டில் இருந்தார். ஆறாவது மாடி, இரண்டே அறை. சமையலறை ரயில்பெட்டி நடைபாதை மாதிரி. ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. அதற்குள் நின்று மகன், மருமகள், தான் என மூன்று பேருக்கும் சமைத்து, எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவார். வெங்காயம் வதங்கும் வாசம் லிஃப்டுக்குள் வரும் என்று அந்தக் கட்டடத்தின் காவலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அவர் ஏறி நின்ற பலகை சறுக்கிவிட்டது. இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு சரியாகக் கூடவில்லை, இனி எதன் மேலும் ஏறி நிற்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் கை உங்களுடையது இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகன் அன்றைக்கே, சமையலறையை இடித்துவிட்டு உங்கள் உயரத்துக்கே கட்டித்தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் மரவேலை செய்கிறவன். சமையலறை அலமாரியும் மேடையும்தான் என் பிழைப்பு.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சுவரை அளப்பதற்கு முன்னால் சமைக்கிற ஆளை அளப்பேன். செருப்பில்லாமல் நிற்கச் சொல்லி, கையை மடக்கி காய் நறுக்குவது மாதிரி வைக்கச் சொல்வேன். தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்து, அதில் ஒரு ஐந்து அங்குலம் கழித்தால் அதுதான் அவருக்கு ஏற்ற மேடை. அடுப்பு நிற்கிற இடம் இன்னும் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். பாத்திரம் மேலே உட்காருகிறதல்லவா.

அந்த அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்காத குறையாக விறைத்து நின்றார். என்னோடு வேலைக்கு வரும் என் மனைவியின் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கவில்லை அம்மா, சாதாரணமாக நில்லுங்கள் என்றான். அவர் சிரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இல்லாத வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார். நான் அளந்தேன். மேடைக்கு இருபத்தொன்பது. அடுப்புக்கு இருபத்தேழு. சுவரில் பென்சிலால் எழுதினேன்.

இவ்வளவு தாழ்வாக வைத்தால் வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. கதவோரம் நின்ற மகன், "சமைக்கப் போறது நீங்கதானேம்மா, சிரிக்கிறவங்களா?" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்குச் சோறும் மீனும் போட்டுத்தான் அனுப்பினார்.

வேலை நடக்கிற மூன்று வாரமும் தூசி ஆகாதென்று அவரைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது என் கையைப் பிடித்து, "தம்பி, என் அளவு" என்று மட்டும் சொன்னார். ஆண்டவன் சாட்சியாக மறக்க மாட்டேன் என்றேன்.

ஐந்தாம் நாள் மருமகளின் அண்ணன் ஒரு பாத்திரம் கழுவும் மெஷினை வாங்கி அனுப்பினார். மருமகள் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் ஆபீசுக்குப் போய் இருட்டி வருகிறவர். மாமியார் பத்துப் பாத்திரத்தில் சமைப்பார், ஞாயிற்றுக்கிழமையானால் கழுவுவது இவர் தலையில். மெஷினைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அதன் உயரம் முப்பத்து மூன்று அங்குலம். இருபத்தொன்பது அங்குல மேடைக்குக் கீழே அது எப்படி நுழையும்?

பின்பக்கப் பால்கனியில் வைக்கலாமா என்று பார்த்தேன். அங்கே துணி துவைக்கிற மெஷின் இருந்தது. அப்படியானால் மேடையை இரண்டு மட்டமாகச் செய்துவிடுகிறேன், மெஷின் இருக்கிற முனை மட்டும் உயரமாக இருக்கட்டும், மீதி அம்மா அளவில் இருக்கட்டும் என்றேன். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் கல் ஒரே நீளமாக ஓட வேண்டுமாம். நடுவில் இறங்கினால் படிக்கட்டு மாதிரி இருக்கும், நாளைக்கு வீட்டை விற்கப்போனால் வாங்க வருகிறவர் கேலி பேசுவார் என்றார்.

நான் மகனைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்தார். பிறகு, "மெஷினைக் குட்டையாக்க முடியாதுல்ல அண்ணே" என்றார்.

"அப்ப அம்மாவை அஞ்சு இஞ்ச் நீட்டிடலாம், சார்" என்றான் என் மச்சினன்.

அவன் குத்தலாகத்தான் சொன்னான். புருஷனும் பெண்டாட்டியும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் விஷயமும் முடிந்துவிட்டது. மேடை முப்பத்து நான்கு, அடுப்புக்கும் அதே மட்டம். அம்மாவிடம் நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம், நீங்கள் வாய் திறக்க வேண்டாம் என்று மகன் சொன்னார். சுவரில் எழுதியிருந்ததை மச்சினன் ஈரத்துணியால் அழித்தான். நான் முப்பத்து நான்குக்குப் பலகை அறுத்தேன்.

அந்த அம்மா தினமும் மத்தியானம் எனக்குப் போன் செய்வார். சாப்பிட்டாயா என்று முதலில் கேட்பார். பிறகு மேடை எதுவரை வந்தது என்பார். மகன் சொல்லியிருப்பார் என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். இல்லை, யாரும் சொல்லவில்லை.

"என் அளவுதானே தம்பி?"

"சரிம்மா."

"அடுப்புக்கு இன்னும் ரெண்டு இறக்கம்?"

"சரிம்மா."

காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். மத்தியானம் இந்தப் பொய்யைச் சொல்வேன். பதினோரு நாள் சொன்னேன். முதல் நாள் என்ன சமைப்பது என்று அவர் யோசித்து யோசித்து மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் எதுவும் பெரிதாக வேண்டாம், உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு ஒரு கறி, தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று கிளறுவேன், அது போதும் என்றார்.

வேலை முடிந்து சாவியை ஒப்படைக்கிற அன்று அவரை அழைத்து வந்தார்கள். மருமகள் அவர் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்தார். கையை எடுத்ததும் அந்த அம்மா சமையலறையைப் பார்த்தார். வெள்ளைக் கல் பளபளவென்று இருந்தது. கிட்டே போய் மேடையின் விளிம்பைத் தொட்டார். அது அவர் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அவர் முதலில் தன் காலைத்தான் பார்த்தார், தான் எங்கேயாவது பள்ளத்தில் நிற்கிறோமோ என்பது போல.

எல்லாரும் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார். கொண்டுவந்த பையிலிருந்து உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் எடுத்தார். இன்றைக்கே எதற்கு, ஓட்டலில் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. தோளைத் தூக்கித் தூக்கி நறுக்கினார். பாத்திரத்தை ஏற்றினார். மஞ்சள்தூள் போட்டார், தண்ணீர் விட்டார். பாத்திரத்தின் வாய் அவர் தாடைக்கு நேராக இருந்தது. உள்ளே என்ன வேகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நுனிக்காலில் எம்பிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க, துணியால் பிடித்துப் பாத்திரத்தைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்தார். இடது கையால்.

கை தாங்கவில்லை. கொதிக்கிற கறி முன்கையில் வழிந்து, மேடை முழுக்க மஞ்சளாகப் பரவியது.

நான் கதவருகில் நின்றேன். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். மருமகள் ஓடிவந்தார். ஓடிவந்து முதலில் கல்லைத் துடைத்தார். மஞ்சள் கறை ஊறிவிட்டால் போகாது என்று நான்தான் காலையில் அவரிடம் சொல்லியிருந்தேன். என் மச்சினன்தான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குழாயில் காட்டினான்.

மகன் பதறிப்போனார். பதற்றத்தில் சத்தம் போட்டார். உங்களுக்கு இந்த வயதில் இது தேவையா, இனிமேல் அடுப்புப் பக்கமே வரவேண்டாம் என்றார். அந்த அம்மா தண்ணீருக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு வெச்சே தம்பி?"

"முப்பத்தி நாலும்மா."

"நான் எவ்வளவு?"

"இருபத்தொன்பது."

"போன்ல சரிம்மா சரிம்மான்னியே."

மெஷின் விஷயத்தை மகன்தான் சொன்னார். பக்குவமாகத்தான் சொன்னார். உங்களுக்கும் பாத்திரம் கழுவுகிற கஷ்டம் இல்லையே என்றுகூடச் சொன்னார். அந்த அம்மா குழாயை மூடினார்.

"சரி. இனிமே இந்த வீட்ல நான் கரண்டியத் தொடமாட்டேன்."

அவர் அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர் சோற்றிலேயே வளர்ந்த மகன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவர் கட்டிக்கொடுத்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போன மருமகள். ஐயோ அப்படிச் சொல்லாதீர்கள் என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று எதிர்பார்த்தார். நானும் எதிர்பார்த்தேன்.

மருமகள் துணியைப் பிழிந்துகொண்டே, "அதைத்தான் அத்தை நாங்களும் சொல்றோம்" என்றார்.

மகன் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு கதவின் கீல் தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். சமையலறை கண்காட்சியில் வைத்தது மாதிரி இருந்தது. இழுப்பறைப் பிடிகளில் நான் பிரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு வெளியிலிருந்து அட்டைப்பெட்டியில் வருகிறது. பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கழுவப் பாத்திரம் இல்லை. மெஷினைத் திறந்து பார்த்தேன். உள்ளே கடைப் பைகளை மடித்துத் திணித்து வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டோம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறார்களாம். எல்லாரும் மகனைப் புகழ்கிறார்களாம். மருமகளே இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த அம்மா கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். முன்கையில் தோல் வேறு நிறமாக இருந்தது. நான் கும்பிட்டேன். தலையை ஆட்டினார். மனசு கேட்காமல் மருமகளிடம், கூலி வேண்டாம், ஒரு நாள் வேலைதான், மெஷினை எடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் மட்டும் இறக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"அத்தைதான் சமைக்கிறதே இல்லையே அண்ணே. யாருக்கு இறக்கப் போறீங்க?"

கேட்டது நியாயம் போலத்தான் இருந்தது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம் தம்பி. விடு" என்றார்.

கீலை முறுக்கிவிட்டுச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது அவர் கூப்பிட்டார். என் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டார். மீன் என்றேன். பொரித்ததா, கறியா என்றார். கறி என்றேன். அவர் மடியில் கிடந்த வலது கை மெல்ல அசைந்தது.

"வெங்காயத்தை நீளமா அரிஞ்சிருக்காளா, பொடியாவா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார். மருமகள் வந்து டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். நீளமாகத்தான் அரிந்திருக்கிறாள். அது ஆறு மாதத்துக்கு முன்னால். அந்தக் கட்டடத்திலேயே அதற்குப் பிறகு இரண்டு வீட்டில் வேலை செய்துவிட்டேன். ஆறாவது மாடிக்கு மட்டும் இன்னும் போகவில்லை.