உரக்கச் சொன்ன புள்ளிகள்

விளையாட்டு மண்டபத்தில் புள்ளி குறிப்பவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவளுக்கு முன்னால் இருக்கும் எண்களைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்தால்தான் வம்பு. கோட்டுக்கு உள்ளே விழுந்தது, வெளியே விழுந்தது என்று மேசைக்கு வந்து கையை ஆட்டிப் பேசுவார்கள். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விதி விதிதான் என்று சொல்லிவிட்டு அடுத்த எண் அட்டையைப் புரட்டிவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

எங்கள் தீவில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஆட்கள் கூடிப் பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், ஆடுகிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர், தாதி, லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் கார் பட்டறை நடத்துபவர் என்று எல்லாரும் இளமையைத் தாண்டியவர்கள். ஆனால் ஆட்டத்தில் இறங்கிவிட்டால் அது அவர்களுக்கு நினைவிருக்காது. நான் அங்கே போனது என் வீட்டுக்காரருக்காக. அவர் ஆடுவார், நான் பைகளுக்குக் காவல். வெட்டியாக உட்கார்ந்திருந்தவளை யாரோ ஒருநாள் வலைக்கு நேராக மேசை போட்டு உட்காரவைத்து, இந்த அட்டையைக் கொஞ்சம் புரட்டுங்க அக்கா என்றார்கள். அன்றிலிருந்து அந்த நாற்காலி எனக்கு என்று ஆகிவிட்டது.

அவர் ஆட்டம் அழகு என்று சொல்லமாட்டேன். தொப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடி வந்தால் வலைக்கே பயமாக இருக்கும். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் அவரும் அந்த ஜுரு பட்டறைக்காரரும் சேர்ந்துவிட்டால் பார்க்கவேண்டும். இவர் முன்னால் வந்தால் அவர் பின்னால் போவார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். என்னோடு குடித்தனம் நடத்தியதைவிட அந்தக் கூட்டாளியோடு நடத்தியதுதான் ஒழுங்கான குடித்தனம் என்று நான் கேலி செய்வேன்.

பிறகு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி அவர் கண்ணில் கை வைத்தது. ஊசி, லேசர், மறுபடியும் ஊசி என்று அலைந்தோம். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்ற இடத்தில் வந்து நின்றது. அவர் யாரிடமும் கத்தவில்லை, அழவில்லை. வீட்டை விட்டு இறங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார். கூட்டாளி இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் பாலத்தில் நெரிசல் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவரும் வரவில்லை.

நீ போ, உன் வேலையை ஏன் விடுகிறாய் என்று ஞாயிறுதோறும் என்னை அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பார். சில மாதங்கள் அப்படிப் போனது. ஒரு ஞாயிறு நான் வந்து, குளித்து, சோறும் போட்டு முடித்தேன். அவர் கேட்கவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கண் போனபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. மனிதர் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

அடுத்த வாரம் பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டம் முடிந்து கடைத்தெருவில் நிறைய சாமான் வாங்கவேண்டும், தனியாகத் தூக்க முடியாது என்றேன். முனகிக்கொண்டே வந்தார். மண்டபத்தில் எல்லாரும் வாங்கண்ணே வாங்கண்ணே என்று வந்து தோளைத் தொட்டுவிட்டு, எதற்கோ பயந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஆட்டம் தொடங்கியது. நான் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கைகளை முழங்கால்மேல் வைத்தபடி அவர் ஆஸ்பத்திரியில் எண்ணுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் சாய்ந்தார்.

"வீட்டுக்குப் போலாம் லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏங்க, அரை மணி நேரம் உக்காந்திருந்தா என்னா? அங்க போயி சுவத்தத்தானே பாக்கப்போறீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

"சுவரு எங்க இருந்தாலும் ஒண்ணுதாம்மா. இங்க ஷூ தேயுற சத்தமும் நீ அட்டை பொரட்டுற சத்தமுந்தான் கேக்குது. எத்தனைக்கு எத்தனைன்னு யாராச்சும் சொன்னாதானே எனக்கு ஆட்டம்."

பெரிய போட்டிகளில் நடுவர் ஒவ்வொரு புள்ளியையும் உரக்கச் சொல்வார். எங்கள் மண்டபத்தில் அந்த வழக்கம் கிடையாது. எல்லாருக்கும்தான் கண் இருக்கிறதே, அட்டையைப் பார்த்துக்கொள்வார்கள். விதி விதி என்று ஊரையே அதட்டுகிற எனக்கு, பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று அதுவரை தோன்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த புள்ளியை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ஆடிக்கொண்டிருந்த நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். இறுதிச் சுற்றா அக்கா என்று துணிக்கடைக்காரர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வி வரவில்லை.

பூப்பந்தில் பந்தைப் போடுகிறவரின் புள்ளியை முதலில் சொல்லவேண்டும். போடும் உரிமை எதிர்ப்பக்கம் மாறினால் "சர்வீஸ் ஓவர்" என்று சொல்லிவிட்டு எண்களையும் திருப்பிச் சொல்லவேண்டும். போடுகிறவருடைய எண் இரட்டை என்றால் அவர் தன் வலப்பக்கக் கட்டத்திலிருந்து போடுவார், ஒற்றை என்றால் இடப்பக்கத்திலிருந்து. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு எண்களுக்குள்ளே ஓர் ஆட்டக்களமே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் அவர் தலை நிமிர்ந்தது. யார் யார் ஆடுகிறார்கள், எந்தக் கட்டத்தில் யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கட்டைவிரல் முழங்கால்மேல் இடமும் வலமும் நகர்ந்தது. களத்தைப் பார்த்தேன், விரல் காட்டிய இடத்தில்தான் ஆள் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு எங்கே ஆட்டத்தில் கண் போகும்? அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து போடும் உரிமை மாறியது தெரிந்தும், வாய்க்கு வந்த வரிசையில் "பத்து, ஏழு" என்று சொல்லிவிட்டேன். விரல் நின்றது.

"இந்தப் பக்கந்தானே கைதட்டுனாங்க? அப்ப சர்வீஸ் ஓவர், ஏழு, பத்துன்னு சொல்லு. நீயே இப்படிச் சொன்னா எப்படி?"

வீட்டில் பேசுவது போலத்தான் சொன்னார். ஆனால் அது களம்வரை கேட்டுவிட்டது. நான் தப்புச் செய்ததில் அந்த மண்டபத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். எதிர்க்கோடியில் நின்ற ஜுரு கூட்டாளி மட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து, இவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவை மடக்க நீங்கதான் வரவேண்டியிருக்கிறது என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பாலத்து நெரிசலைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றைக்குச் சாமான் வாங்க மறந்தே போனோம். அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்புறம் ஞாயிறு காலையில் எனக்கு முன்னால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்க ஆரம்பித்தார். ஒரு வாரம் எனக்குச் சளி பிடித்துத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. பேசினால் காற்றுதான் வந்தது. இந்த வாரம் வேண்டாம் என்று சைகை செய்யவும் முடியாது, அவருக்குத் தெரியாதே. காதருகே போய்க் காற்றாகவே சொன்னேன். அவர் சரி என்றார். ஆனால் சட்டையைக் கழற்றவில்லை. நானும் சாவியை எடுத்தேன்.

என் நிலைமை தெரிந்ததும் ஆடுகிறவர்களே ஆளுக்கொரு புள்ளியாகக் கத்திச் சொன்னார்கள். கூட்டாளி தன் பக்கத்துக்கு ஒன்றைக் கூட்டியே சொன்னார்.

"அவன் அப்பவே அப்படித்தான்" என்றார் இவர். பிறகு என் பக்கம் முழங்காலை நகர்த்தினார். "நீ தொட்டுக் காட்டு. இடப்பக்கத்துக்குப் புள்ளின்னா ஒரு தட்டு, வலப்பக்கத்துக்கு ரெண்டு. மத்தத நான் சொல்றேன்."

ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். "லவ் ஆல், பிளே" என்று ஆட்டத்தைத் தொடங்கிவைத்த அந்தக் குரலைக் கேட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள் அவ்வளவு மெல்லப் பேசிக்கொண்டிருந்த மனிதரா இது! ஒரு தட்டு, இரண்டு தட்டு. ஓர் எண்கூடப் பிசகவில்லை. துணிக்கடைக்காரர் கோட்டைப் பற்றி வாதாட வந்தார். விதி விதிதான் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார். நான் அட்டையைப் புரட்டியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் முகத்தை யாரும் பார்க்காதது அன்றைக்கு வசதியாக இருந்தது.

என் தொண்டை அந்த வாரமே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. மண்டபத்தில் யார் கேட்டாலும் இன்னும் கரகரப்பு இருக்கிறது என்று கிசுகிசுப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாரம் முழுக்க நான் வீட்டில் அவரைத் திட்டுவது மேல்மாடிவரைக்கும் கேட்கும். அவரும் ஞாயிறு வந்தால் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்காலை என் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.