பத்தாவது ஆள்

பர்மாவில், பபேடான் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி, தரைத்தளத்தில். மின்சாரம் வந்தால்தான் மோட்டார் ஓடும். அந்தக் கோடையில் மின்சாரம் வருவதே அபூர்வம். மூன்றாவது மாடியில் நாங்கள் ஒன்பது பேர். பத்தாவது ஆள், த்வாண்டே என்ற ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி வேலை செய்த பர்மியப் பெண். 'அமா' என்போம், அக்கா என்று அர்த்தம். தண்ணீரை மாடிக்குச் சுமந்தவளும் அவள்தான்.

தண்ணீரைப் பங்கு போடுவதில் சண்டை வந்தது. கீழ்வீட்டில் துணிக்கடை பாயும் அவர் மனைவியும் மட்டும்.

"வீட்டுக்கு வீடு ஒரே பங்கு. ரெண்டு பேருன்னா எளக்காரமா?" என்றார் பாய்.

"ஆளுக்கு இவ்வளவுன்னு வைங்க பாய்" என்று எகிறினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்போது தபால்வழியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா தன் அரசாங்கத்தை அமைத்த பாடம். பெரிய மாநிலங்கள் சபையில் ஆள்கணக்கில் இடம் கேட்டன, சிறியவை சமமாகக் கேட்டன. முட்டி மோதிக் கடைசியில் இரண்டு சபை வைத்தார்கள், ஒன்றில் சமம், மற்றதில் ஆள்கணக்கு. எனக்கு ஒரே குஷி. மறுநாள் மாடிப்படியில் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன், பாதித் தொட்டி வீட்டுக்குச் சமமாக, மீதி ஆள்கணக்கில்.

பாய் சிரித்துவிட்டார். "அமெரிக்காக்காரன் மூளையா? சரிம்மா. ஒங்க வீட்ல எத்தன பேரு?"

"பத்து."

அன்றுமுதல் எங்களுக்குக் கூடுதலாக இரண்டு வாளி. அம்மா என்னை மெச்சிக்கொண்டாள்.

அந்த வாரமே அமா ஊருக்குப் போகக் கேட்டாள். போன வாரம்தானே போனாய் என்றேன்.

"முடி கழுவணும்" என்றாள், எங்களிடம் கற்ற தமிழில். "இங்க எனக்குத் தண்ணி பத்தல."

நான் பத்து என்றபோது அவள் வாளியோடு என் பின்னால்தான் நின்றிருந்தாள்.

மதியம் புத்தகத்தைத் திறந்தேன். அதே பாடத்தில் அடுத்த பக்கம். இடங்களைப் பிரிக்கும் ஆள்கணக்கில் அடிமைகளை ஐந்துக்கு மூன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள், ஓட்டு மட்டும் அவர்களுக்குக் கிடையாது. ஓரத்தில் நானே முன்பு பென்சிலால் எழுதியிருந்தேன், 'வெட்கங்கெட்டவர்கள்'. எனக்கு முகம் சுட்டது. நான் அவளை முழு ஆளாக எண்ணியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வாளியை நிரப்பி அவள் முன் வைத்தேன். "இது உன் பங்கு, அமா."

அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எப்பலேருந்து?"

"நான் பத்துன்னு சொன்ன மொத நாள்லேருந்தே" என்றேன்.