கூப்பன் வெட்டிய பக்கம்

மெஹபூப் அலியிடம் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி யாராவது பேச்சுக் கொடுத்தால் அன்றைய பிழைப்பு கெட்டது. தி. நகரில் ஒரு ரவிக்கைக் கடையில் கட்டிங் மாஸ்டர் அவர். வயது நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. வீட்டில் பேசுவது உருது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே காமிக்ஸில்தான். கண்ணம்மாபேட்டை வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய அவை இருக்கின்றன. கரண்ட் போனாலும் கேட்ட புத்தகத்தைத் தடவியே எடுத்துவிடுவார்.

எதைப் படிக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்பதில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. முதல் இதழுக்காக ஊரெல்லாம் அலைவது வீண்; மூன்றாவது இதழில்தான் ஓவியருக்குக் கை படியும். வண்ண மறுபதிப்பு கண்ணுக்கு அழகுதான், ஆனால் கறுப்பு வெள்ளையில் இருந்த இருட்டு அதில் வராது. ஹீரோவுக்குச் சக்தி எப்படி வந்தது என்றே நாற்பது பக்கம் ஓட்டுகிற கதையைப் படித்துவிட்டு யாரிடமாவது தள்ளிவிடலாம். அவ்வளவு சக்தி இருந்தும் வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறான் பாருங்கள், அவனைத்தான் விடக் கூடாது. துருப்பிடித்த பின்னைக் கழற்றி எறிந்துவிட்டு நூலால் தைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: ஆளைக் கொல்கிற ஹீரோவுக்குப் பெட்டியில் இடமில்லை. ஒரு கொலை விழுந்துவிட்டாலே போதும், அந்த வரிசை முழுவதையும் யாருக்காவது கொடுத்துவிடுவார். முப்பது வருஷமாக இப்படித்தான்.

பெட்டியில் முதல் மரியாதை மின்முகன் என்கிற ஹீரோவுக்கு. மொத்தம் முப்பத்தெட்டு இதழ். மின்முகன் சண்டைக்கு முன்னால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவான். அதைப் பார்த்துத்தான் மெஹபூப் அலியும் கோபம் வந்தால் முதலில் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டுப் பிறகு வாயைத் திறப்பார்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லஸ் பக்கத்துப் பூங்காவில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். போன தடவை, செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஃபராஸ் புதிதாக வாங்கிய புத்தகம் ஒன்றைக் காட்டினான். பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். மெஹபூப் அலி இரண்டு தாள் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது இன்னா நைனா, காமிக்ஸா, கசாப்புக்கடையா? எலும்பில்லாம அரைக்கிலோ போடு."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபராஸின் முகம் சுருங்கிவிட்டது. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தென்காசிக்காரர் நல்லசிவம்தான் அவனுக்காகப் பேச வந்தார்.

"அந்தப் பயல ஏன் பாய் வையிதிய? ஒங்க மின்முகன் மட்டும் ரொம்ப யோக்கியமோ? ஏழாம் நம்பர்ல, கலங்கரை விளக்கத்து உச்சியில தொங்குதவன் கைய அவன்தான விடுதான். நான் சின்னதுல படிச்சிருக்கம்லா."

ஃபராஸ் உடனே நிமிர்ந்துகொண்டான். "அப்போ முப்பத்தெட்டையும் எத்துனு போக ஆட்டோ சொல்லட்டா மாமா?"

மெஹபூப் அலி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காரணம், அவருடைய ஏழாம் நம்பரில் அந்த இடத்தில் ஓட்டை. மின்முகனின் அடுத்த எதிரிக்குப் பெயர் வைக்கும் போட்டி அந்த இதழில் வந்திருந்தது. தாளின் ஒரு பக்கம் கூப்பன், மறுபக்கம் கதை. பதினோரு வயதில் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துக் கூப்பனை வெட்டி அனுப்பியவர் அவரேதான். பரிசும் வரவில்லை, கட்டமும் போனது. ஓட்டைக்கு முன் கட்டத்தில் வில்லன் மின்முகனின் கையைப் பிடித்துத் தொங்குகிறான். அடுத்த பக்கத்தில் விடிகிறது, மின்முகன் தனியாக நிற்கிறான். நடுவில் என்ன நடந்தது? காப்பாற்றியிருப்பான் என்று அவராகவே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வில்லன் பிறகு எந்த இதழிலும் வரவே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. நல்லசிவத்தின் புத்தகம் வீடு மாறும்போது எடைக்குப் போய்விட்டதாம். பழைய புத்தகக் கடைகளில் கேட்டார்; வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கிடைத்த இரண்டு பிரதிகளிலும் கூப்பன் இல்லை. ஒருநாள் ஒரு பட்டு ரவிக்கைக்கு இரண்டு இடது கையை வெட்டிவைத்தார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அப்படி நடந்ததே கிடையாது. கொலை என்று ஆகிவிட்டால் முப்பத்தெட்டையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்குச் சொன்ன சட்டத்தைத் தனக்கு மட்டும் எப்படித் தளர்த்துவது? அவர் மனைவி, பெட்டியில் ஒன்று காலியாகிறதே என்று சந்தோஷப்படக்கூட முடியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாலாம் நாள், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஸ்வர்ணலதா போன் செய்தார். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு பெற்றவர். குழுவில் எப்போதாவது எழுதுவார். ஏழாம் நம்பர் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மெஹபூப் அலி நேரில் போய் நின்றபோது புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதிலும் ஓட்டை.

"நானும் வெட்டிட்டேன் மாஸ்டர். ஆனா அனுப்பலை. கடைசித் தேதி போயிடுச்சு."

புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தபால் கார்டை உருவினார். போட்டி விதிப்படி கூப்பனைக் கார்டில் ஒட்டியிருந்தார், மைதா பசையால். மேலே இங்க் பேனாவில் ஒரு சிறுமியின் குண்டு குண்டான கையெழுத்து. கதைக் கட்டம் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். கரும்புள்ளியாக ஏதோ தெரிந்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை.

மெஹபூப் அலி ஓர் இஸ்திரிப் பெட்டியும் மெல்லிய துணியும் கிடைக்குமா என்று கேட்டார். ஈரம் பட்டால் எழுத்து கரைந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை. ஸ்வர்ணலதா கார்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுத்து போனா போகட்டும். அவன் என்ன பண்ணான்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."

மெஹபூப் அலி துணியை நனைத்துப் பிழிந்து கார்டின் மேல் விரித்தார். சில்க்குக்கு வைக்கிற சூட்டில் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுத்தார். நீல மை துணியில் ஊறியது. மூன்றாம் ஒற்றலில் பசை இளகி ஓரம் எழும்பியது. ஊக்கின் மொட்டை முனையை உள்ளே விட்டு, லைனிங் துணியைப் பிரிக்கிற நிதானத்தில் நகர்த்திக்கொண்டே போனார். ஒரு மூலை கார்டோடு தங்கிவிட்டது. மீதி கையோடு வந்தது. திருப்பினார்.

கலங்கரை விளக்கத்தின் சுழல் படிக்கட்டு. வில்லனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மின்முகன் இறங்குகிறான். மேலே வட்டத்துக்குள், பாதி அழிந்த எழுத்தில்: "பயப்படாதே. படி நிறைய இருக்கிறது, மெதுவாகவே போகலாம்."

ஸ்வர்ணலதா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். மெஹபூப் அலி நாற்காலியில் உட்கார்ந்தார். கொண்டுவந்து வைத்த டீயை ஆறுவதற்குள் குடித்தார், கூட வைத்த நாலு பிஸ்கட்டையும் தின்றார். வில்லன் அதற்குப் பிறகு ஏன் வரவில்லை என்று ஸ்வர்ணலதா கேட்டார். திருந்தி எங்காவது வேலைக்குப் போயிருப்பான், திருந்தினவனை வைத்து எவன் கதை எழுதுவான் என்றார் இவர்.

படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். நல்லசிவத்திடமிருந்து குரல் செய்தி வந்தது: "அப்ப நாந்தான் தப்பா நெனச்சிருக்கேன் பாய். பின்ன கைய விட்டவன் எவம்லே?" யாருக்கும் தெரியவில்லை. ஃபராஸ் தனியாக எழுதியிருந்தான்: அந்த ஏழாம் நம்பரை ஒரு வாரம் படிக்கத் தர முடியுமா? மெஹபூப் அலி கசாப்புக்கடை என்று ஆரம்பித்து ஏதோ டைப் செய்தார். அழித்தார். கடைக்கு வந்து வாங்கிக்கொள், ஓட்டையில் ஜெராக்ஸ் ஒட்டித் தருகிறேன், டீயை மட்டும் அதன் மேல் கொட்டிவிடாதே என்று அனுப்பினார்.

திரும்பும்போது மந்தைவெளியில் வடபழனி பஸ் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தி. நகரில் இறங்க வேண்டியவர். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் வடபழனி டிப்போவுக்குள் நின்றுகொண்டிருந்தது. பதினாலு நாள் தூக்கம், கண்ணைத் திறக்கவே முடியவில்லை. எதிர்ப்பக்கம் போய்த் திரும்பப் பஸ் ஏறினார். இந்தத் தடவை நின்றுகொண்டே வந்தார்.